எட்டு மாத வெட்டு

எடைப் பொறி அறுபத்தெட்டு புள்ளி நான்கு என்று காட்டியது.

இறங்கி மறுபடி ஏறினேன். அதே எண்.

என் நினைவில் நேற்றுதான் எடை பார்த்தார்கள். அறுபத்தொன்று புள்ளி ஒன்று. அந்த எண்ணுக்காக இரண்டு நாள் தண்ணீர் குடிக்கவில்லை. எடை முடிந்ததும் பதிவறையில் படுக்க வைத்துத் தலையில் தொப்பியை மாட்டினார்கள். கண்ணை மூடினேன். திறந்தபோது இந்த அறையில் இருந்தேன்.

எடை பார்த்த பிறகு தண்ணீர் குடித்தால் ஒரே நாளில் நான்கு கிலோ ஏறும். குத்துச்சண்டைக்காரனுக்கு அது தெரியும். அந்த எடை முகத்திலும் தொடையிலும் வந்து உட்காரும். இது இடுப்பில் இருந்தது. விரலால் பிடிக்க முடிந்தது.

தாமோதரன் மாஸ்டர் உள்ளே வந்தார். பதினாறு வயதிலிருந்து அவர்தான் என் பயிற்சியாளர். மீட்புக்குப் பிறகு கண் விழிப்பவனிடம் மூன்று விஷயம் மட்டும் சொல்வது எங்கள் வழக்கம். முடிவு, காயம், தேதி. அவர் சொன்னார். ஒன்பதாவது சுற்றில் எதிராளியை வீழ்த்தி ஜெயித்திருக்கிறேன். பெரிய காயம் இல்லை. இன்று நவம்பர் பதினேழு.

நான் எடை பார்த்தது மார்ச் எட்டு.

இழந்த நாட்களை நாங்கள் வெட்டு என்போம். இரண்டு நாள் வெட்டு, மூன்று நாள் வெட்டு. எட்டு மாத வெட்டை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"பயந்துக்காத ஏகா," என்றார் மாஸ்டர். "ஜெயிச்சதுக்கு அப்பால நல்லாத்தான் இருந்த, மீட்பு வேணாம்னு வுட்டுட்டோம். பத்து நாளு முன்னாடி பயிற்சில வழுக்கி வுழுந்துட்ட. தலைல வீக்கம். டாக்டர் பழைய பதிவுக்கே கொண்டாந்துட்டாரு."

பிப்ரவரியில் பட்டத்துக்கான ஆட்டம் என்றார். மூன்று மாதத்தில் எடையைக் குறைத்துவிடலாம் என்றார். நான் தலையாட்டினேன். வழக்கத்தின் மறுபாதி அதுதான். சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. தன் ஆட்டத்தின் படத்தைத் தானே பார்க்கவும் கூடாது. பார்த்தவன் அடுத்த ஆட்டத்தில் தோற்பான் என்று எல்லா கிளப்பிலும் சொல்வார்கள்.

மீட்பு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் முறை பதிவுக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டது நினைவிருக்கிறது.

"ஆட்டத்துக்கு முந்தின நாள் உங்க மூளை எப்படி இருக்கோ அதை அப்படியே பதிஞ்சு வெச்சுப்போம்," என்றார். "ஆட்டத்துல எவ்வளவு அடி விழுந்தாலும் திரும்ப அந்த நிலைக்குக் கொண்டுவந்துடலாம்."

"அடி மட்டும் போயிடுமா சார்?"

"அடியை மட்டும் தனியா எடுக்க முடியாது. நடுவுல நடந்ததெல்லாம் சேந்து போகும்."

"ஜெயிச்சா, ஜெயிச்சதும்?"

"அதுவும்தான். உடம்பு மட்டும் இருந்தபடி இருக்கும். மூக்கு உடைஞ்சா உடைஞ்சதுதான்."

ஒருவருக்கு ஒரு பதிவுதான் இருக்கும். புதிதாக எடுத்தால் பழையது அழிந்துவிடும். அதையும் அன்றே சொன்னார்.

எங்களுக்கு அது சரியாகவே பட்டது. எங்கள் கிளப்பில் முன்பு ஆடிய கோதண்டம் அண்ணன், நாற்பத்தெட்டு வயதில், சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் கண்ணாடி முன் நிற்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு பதினைந்து ஆட்டம் ஆடியிருக்கிறேன். ஒன்றுகூட நினைவில் இல்லை. பயிற்சி நினைவிருக்கிறது. எடை பார்த்தது நினைவிருக்கிறது. பிறகு மாஸ்டரின் குரலில் ஒரு முடிவு.

மற்றதும் மாறியது. பன்னிரண்டு சுற்று பதினைந்து ஆனது. கையுறை மெலிந்தது. எப்படியும் மீட்டுவிடுவார்கள் என்று நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்துவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

நான் என் கைகளைப் பார்த்தேன்.

பதினெட்டு வருடம் மூட்டையைக் குத்திய கை. விரல் முட்டிகளில் தோல் காய்த்துக் கறுத்திருக்கும். இப்போது அது உரிந்து இளஞ்சிவப்பாக இருந்தது. உள்ளங்கையைத் திருப்பினேன். விரல்களுக்குக் கீழே வரிசையாக நான்கு காய்ப்பு. குத்துச்சண்டைக்காரனுக்கு அங்கே காய்க்காது. வலது தோளில் ஒரு கருந்தழும்பு. எதையோ நாள்தோறும் சுமந்த இடம்.

"பத்து நாளு முன்ன வரைக்கும் பயிற்சி எடுத்தேன்னீங்க மாஸ்டர்."

"ஆமா."

"இந்தக் கை எடுக்கலன்னு சொல்லுது."

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவருக்கு இதெல்லாம் தோன்றாமல் போனது. தேதிக்கும் முடிவுக்கும் கதை தயாராக வைத்திருந்தார். கைக்கு வைத்திருக்கவில்லை.

"கேக்கக் கூடாதுன்னு இருக்கு இல்ல," என்றார்.

கொருக்குப்பேட்டையில் கிளப்புக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்து போனில் என் ஆட்டத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறை.

எதிராளி ஜெபஸ்டின் பர்னாந்து. தூத்துக்குடிக்காரன், என்னைவிட ஏழு வயது இளையவன். என் நினைவில் நேற்று அவனோடு பேசினேன். எடைப் பலகையில் பக்கத்தில் நின்றான். "அண்ணே, நாளைக்கு முடிஞ்சதும் எந்தக் கடைல பிரியாணி?" என்று கேட்டான். அடி வாங்கினவன் வாங்கித் தர வேண்டும் என்றேன். சிரித்தான். முன்பல் ஒன்று உடைந்திருந்தது.

படத்தின் தலைப்பில் அவன் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று போட்டிருந்தது.

டீயைக் கீழே வைத்தேன். யாரோ இருவர் ஆடுவதைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தேன். ஒருவனுக்கு என் முகம்.

ஒன்பதாவது சுற்று. அவன் இடது கண் மூடியிருந்தது. வலது கண்ணில் ரத்தம். தடுமாறி வந்து என்மேல் சாய்ந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். அவன் வாய் என் காதருகே அசைந்தது. ஏதோ சொன்னான். படத்தில் கேட்கவில்லை. நான் ஒரு கணம் அசையாமல் நின்றேன். பிறகு அவனைத் தள்ளினேன். அரை அடி இடப்பக்கம் நகர்ந்தேன். அவன் நான் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று குத்து.

அந்த ஒரு கணத்தை இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன். நான் கேட்டிருக்கிறேன். கேட்டது என் முகத்தில் தெரிந்தது.

உயிர் இருந்தால்தான் மீட்பு. அவன் மேடையிலேயே இறந்துவிட்டான்.

கிளப்புக்குத் திரும்பிப் போய் மாஸ்டர் முன் நின்றேன். அவர் மறைக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக் கொடுத்தார். இரண்டும் மீட்புக்கான சம்மதப் படிவம். ஒன்று மே மாதம். இன்னொன்று போன வாரம். இரண்டிலும் என் கையெழுத்து.

"நான் உன்ன இழுத்துக்கினு போவல," என்றார். "ரெண்டு தபாவும் நீயேதான் வந்த. தூங்க முடியல மாஸ்டர், இத எடுத்துடுங்கன்ன. மூட்டைய குத்த சொன்னா கைய தூக்க மாட்டேன்ற. என்ன இன்னா செய்ய சொல்ற?"

"அவன் என் காதுல என்ன சொன்னான்?"

"எனக்கு தெரியாது. நீ சொன்னதில்ல. விசாரணைல கூட ஒண்ணும் கேக்கலன்னுதான் எழுதிக் குடுத்த."

இப்போது நினைவில் இல்லாத ஒரு பொய்யை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை ரயிலில் தூத்துக்குடி போய் இறங்கினேன். ஜெபஸ்டினின் மனைவி ரோஸ்லின் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை செய்வதாகச் செய்தியில் படித்திருந்தேன். அவனும் அங்கேதான் வேலை பார்த்தவன். ரயில் முழுக்க சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினேன். என் பெயர், நான் யார், எனக்கு எதுவும் நினைவில்லை, இருந்தாலும் மன்னிக்க வேண்டும்.

கம்பெனி வாசல் ஈரமாக இருந்தது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருத்தி அரவை இயந்திரத்தின் பக்கத்தில் நின்று ஐஸ் பாரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. இயந்திரத்தை நிறுத்தினாள்.

"வந்துட்டியளா," என்றாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"இருங்க, நான் சொல்லுதேன். பேரு ஏகாம்பரம். மெட்ராஸ். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா, ஆனா படத்தப் பாத்தேன்." என் குரலைப்போல் இறக்கிச் சொன்னாள். "அப்புறம் தண்ணி கேப்பிய. பானை அந்தா இருக்கு."

எனக்குத் தாகமாகத்தான் இருந்தது. குடிக்காமல் நின்றேன்.

உள்ளே இருந்த சுமைக்காரர்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவர், என்ன மச்சான், ரெண்டு வாரம் லீவா என்று கேட்டார். எனக்கு அவர் யார் என்று தெரியவில்லை. சுவரில் கொக்கிகள் தொங்கின. பாரை இழுக்கும் இரும்புக் கொக்கி. ஒன்றை எடுத்துப் பிடித்தேன். கைப்பிடி என் உள்ளங்கைக் காய்ப்புகளில் சரியாக உட்கார்ந்தது.

ஓரமாக இருந்த மரப்பெட்டியில் உட்காரச் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டேன்.

மேடையில் ஒருவர் இறந்தால், விசாரணை முடியும்வரை நாற்பது நாள் மற்றவருக்கு மீட்பு கிடையாது. அந்த நாற்பது நாளில் நான் இங்கே வந்திருக்கிறேன். எல்லாம் நினைவில் இருந்தபடி வந்த ஒரே முறை அது. இந்த வாசலில் உட்கார்ந்து, ஜெபஸ்டின் என் காதில் சொன்னதை இவளிடம் சொல்லியிருக்கிறேன். அழுதிருக்கிறேன். திரும்பிப் போய் மே மாதத்தில் மீட்புக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஜூன் மாதம் மறுபடியும் வந்திருக்கிறேன். ஒன்றும் தெரியாதவனாக. ஜெபஸ்டினின் வேலை காலியாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஐந்து மாதம் ஐஸ் பார் தூக்கியிருக்கிறேன். தினமும் அவளிடம், அவன் என்ன சொன்னான் என்று கேட்டிருக்கிறேன். அவள் சொல்லவில்லை. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளன்று சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் என்னைக் காணவில்லை.

"போலீஸ்ல சொல்லலியா நீங்க?"

"எழுதிக் குடுத்தேன். சொன்னவருக்கே ஞாபகம் இல்லையே, எத வச்சு நம்பன்னு கேட்டாவ." பூட்ஸில் ஒட்டியிருந்த ஐஸைத் தட்டிவிட்டாள். "அவ்வோ கேட்டதும் நியாயந்தான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். ரயிலில் அடுக்கியிருந்ததைச் சொன்னேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சொல் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

"என்ன சொன்னான்?"

"எங்கிட்டயா கேக்கிய?"

"வேற யார்கிட்ட கேக்க?"

"அதத்தான் நானும் சொல்லுதேன். எம் புருசன் கடைசியாப் பேசினது ஒங்க காதுலதான். அது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நீங்க போய் படுத்து எந்திரிச்சிட்டு வந்திருதிய. எனக்கு மட்டும் கெடக்கு. ஒத்தையா அத நான் எங்க கொண்டு வைக்க?"

அவள் குரல் உயரவில்லை. அரவை இயந்திரத்தின் ஓசையில் வேலை செய்கிறவர்கள் கத்திப் பேசுவார்கள். அவள் மெதுவாகப் பேசினாள்.

மன்னிப்பு வேண்டாம் என்றாள். அதை இரண்டு முறை வாங்கியாகிவிட்டது. பார் தூக்கவும் ஆள் இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவன் சொன்னதை அவளிடமிருந்து கேட்டுவிட்டு நான் புதிய பதிவு எடுக்க வேண்டும். பழையது அழிந்துவிடும். அதன் பிறகு எந்த மீட்பும் என்னை மார்ச் எட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

அன்று முழுக்க யோசித்தேன். மாஸ்டர் போன் செய்தார். நான் எங்கே இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. ரோஸ்லின் கேட்டதைச் சொன்னேன். அந்த நினைவோடு பதிவு எடுத்தால் அப்புறம் அதை யாராலும் நீக்க முடியாது என்றார். கை ஓடாது என்றார். பதினெட்டு வருட உழைப்பு, பட்டத்துக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி என்றார். எல்லாம் உண்மை.

"அந்தப் பொண்ணுக்கு வேற எதுனா செய்யலாம்டா," என்றார். "இது மட்டும் வேணாம். நீ உடைஞ்சி போனத ரெண்டு தபா பாத்தவன் நானு. நீ பாத்ததில்ல."

நான் பார்த்ததில்லைதான்.

மறுநாள் காலை ரோஸ்லினும் நானும் மதுரையிலுள்ள மீட்பு மையத்துக்குப் பேருந்தில் போனோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழியில் ஒரு தடவைதான் பேசினாள். எட்டயபுரம் தாண்டும்போது, ஜெபஸ்டினுக்குப் பேருந்தில் வாந்தி வரும், எலுமிச்சம்பழம் இல்லாமல் ஏற மாட்டான் என்றாள். இதை முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறாளா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

மையத்தில் கூடம் நிறைய ஆட்கள். குத்துச்சண்டைக்காரர்கள் நாலைந்து பேர், கபடிக்காரர்கள், விபத்தைப் பார்த்து அதை மறக்க வந்த ஒரு லாரி ஓட்டுநர். எதிரே இரண்டு கதவு. இடப்பக்கம் பதிவு. வலப்பக்கம் மீட்பு. இரண்டுக்கும் ஒரே சீட்டுதான். எந்தக் கதவிலும் கொடுக்கலாம்.

என் எண்ணுக்கு முந்தின எண் வந்ததும் அவள் என் பக்கம் சாய்ந்தாள். காதருகே சொன்னாள். அவன் சொன்ன அதே வேகத்தில் சொன்னாள் என்று நினைக்கிறேன். ஐந்து சொல்.

கூடத்தின் சத்தம் நின்றுவிட்டது போல் இருந்தது. படத்தில் பார்த்த அந்த ஒரு கணம் இப்போது என் முகத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். இதற்கு முன் ஒரு தடவை பார்த்தவள்.

நெஞ்சுக்கூட்டுக்குள் குத்து வாங்கினால் மூச்சு வெளியே போகும், உள்ளே வராது. அப்படி நின்றேன். என் எண்ணை அழைத்தார்கள். என் கால் வலப்பக்கம் திரும்பியது. நான் திருப்பவில்லை.

அவள் என் கையைப் பிடிக்கவில்லை.

"போறதுன்னா போங்க," என்றாள். "நாலாவது தடவ வந்தா, நீங்க யாருன்னு கேப்பேன்."

வலப்பக்கக் கதவின் கைப்பிடி பித்தளை. நிறையப் பேர் தொட்டு மின்னியது. இதை மறக்க என் கையும் இரண்டு முறை தொட்டிருக்கும். இந்த ஊர் இல்லாவிட்டால் சென்னையில், இதே போன்ற ஒன்றை.

இடப்பக்கம் போய்ச் சீட்டைக் கொடுத்தேன்.

உள்ளே ஒரு இளம்பெண் இருந்தாள். படுக்கச் சொன்னாள். தொப்பியின் வார்களை இறுக்கினாள். பழைய பதிவு அழிக்கப்படும், சம்மதமா என்று கேட்டாள். சம்மதம் என்றேன். அப்புறம் விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைசியா உங்களுக்கு ஞாபகம் இருக்கறது என்ன? ஒரு வரில சொல்லுங்க. பின்னாடி எப்போ மீட்டாலும் கண்ணு முழிச்சதும் இதைத்தான் முதல்ல கேப்போம். சரியா சொல்றீங்களான்னு பாக்கறதுக்கு."

"அண்ணே, கண்ணு தெரியல, கொஞ்சம் புடிச்சுக்கிடுங்கன்னு ஒருத்தன் சொன்னான்," என்றேன். "நான் புடிக்கல."

அவள் விரல்கள் நின்றன.

"சார், கடைசியா நடந்ததைக் கேட்டேன்."

"அதுதாம்மா கடைசி. எழுதிக்கோ."